பலா பாடி, தேக்கு நெக்: எலெக்ட்ரிக் கிட்டார் செய்வதில் மூணு சந்தேகம்

மலையோரம்:
பலாப் பலகையில் பாடி (கிட்டார் உடல்) அறுத்தாச்சு, 45 மி.மீ. கனம். நெக்குக்கு (கழுத்துப் பகுதி) மார்த்தாண்டம் பக்கத்து மரமில்லில் தேக்குச் சட்டம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். மரம் வெட்டி நாலு மாசம்தான் ஆச்சாம். ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) 648 மி.மீ., 22 ஃப்ரெட் (விரல் வைக்கிற ஃப்ரெட்போர்டில் பதிக்கிற உலோகக் கம்பி), ஸ்க்ரூ போட்டு இணைக்கிற நெக், ரெண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்). இந்த மரம் நிக்குமா? ஃப்ரெட்டுக்கு எப்படிக் குறிக்கணும்? பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்குற உலோகத் துண்டு) எங்க வரணும்?

அயனிக்கட்டை:
அந்தச் சட்டம் வேண்டாம் தம்பி. நம்ம ஊருக்கு ஜூனிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. ஒரு அங்குலப் பலகை நிழலில் காயவே ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். பாடி லேசா அசைஞ்சா சமாளிக்கலாம், நெக் முறுக்கினா கதை முடிஞ்சுது. ட்ரஸ் ராடு (நெக்குக்குள்ள வைக்கிற இரும்புக் கம்பி) வளைவைத்தான் நிமிர்த்தும், முறுக்கை எடுக்காது.

பழைய வீடு பிரிக்கிற இடத்தில் தேக்கு நிலைச்சட்டம் தேடுங்க. ஆணி இருந்தா இழைப்புளி போடுறதுக்கு முன்னாடி பிடுங்கிரணும். வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் ஃப்ரெட்போர்டுக்குச் செங்குத்தா நிக்கிற துண்டா எடுங்க. வெள்ளை (மரத்தோட வெளிப்புற இளம்பகுதி) கலந்தது வேண்டாம். 3 மி.மீ. கூடுதலா அறுத்து, வாரம் ஒருக்கா எடை போடுங்க. மூணு வாரம் எடை மாறலன்னா மறுபடி இழைச்சு நேராக்கலாம். ட்ரஸ் ராடு பள்ளம் 6 மி.மீ. அகலம், ஆழம் ராடை அளந்து. ராடு உள்ளே ஆடினா வாசிக்கும்போது கிர்ருன்னு சத்தம் வரும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. ஃப்ரெட்போர்டு ஒட்டுறதுக்குச் சற்று முன்னாடி ரெண்டு முகத்தையும் அசிட்டோனால் துடைச்சு, உலர்ந்த உடனே பசை போடுங்க. மறுநாளுக்கு விட்டா எண்ணெய் திரும்ப மேலே வந்திரும்.

ஆறுகம்பி:
ஃப்ரெட் கணக்கு: மிச்சமுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தா அடுத்த ஃப்ரெட் தூரம். ஆனா ஒவ்வொரு இடைவெளியா அளந்து போகாதீங்க, சின்னச் சின்னப் பிழை சேர்ந்து 12ஆம் ஃப்ரெட்டில் பெருசா நிக்கும். எல்லாத்தையும் நட்டில் (நெக் தலைமாட்டில் கம்பி படுற கட்டை) இருந்தே குறிங்க: 1ஆவது 36.4, 5ஆவது 162.5, 7ஆவது 215.5, 12ஆவது சரியா 324, 22ஆவது 466.2 மி.மீ.

வெட்டு அகலம் 0.6 மி.மீ. சாதா ஹேக்சா பிளேடு அதைவிட அகலமா வெட்டும், ஃப்ரெட் எழும்பி நிக்கும். வெட்டு ஒடுங்கினா அதைவிட மோசம்: 22 ஆப்பு அடிச்ச மாதிரி நெக் பின்னால வளையும். நம்ம உப்புக்காத்துக்கு நிக்கல் சில்வர் ஃப்ரெட் கம்பி துருப்பிடிக்காது. பிரிட்ஜ் திருகுதான் துருவேறும், அதை ஸ்டெயின்லெஸ்ஸா வாங்குங்க.

பிரிட்ஜைக் கடைசியில்தான் துளைக்கணும். நெக்கை மாட்டி, ரெண்டு ஓரத்திலும் நூல் இழுத்து நடுக்கோடு பாருங்க. மெல்லிய ஈ கம்பியோட சேடிலை (பிரிட்ஜில் கம்பி படுற, நகர்த்தக்கூடிய துண்டு) ஏறக்குறைய முழுசா முன்னால தள்ளி வச்சு, அது நட்டில் இருந்து 648-ல் நிக்கிற மாதிரி பிரிட்ஜை வைங்க. தடிச்ச ஈ கம்பி 3 முதல் 5 மி.மீ. பின்னால போகும், அந்த இடம் சேடிலில் மிச்சம் இருக்கணும்.

மலையோரம்:
நன்றி அண்ணாச்சி. பாடியில் நெக் பாக்கெட் (நெக் உட்காருற பள்ளம்) 16 மி.மீ. ஆழம் தோண்டியாச்சு, நெக் அடி 25 மி.மீ. டியூனோமேட்டிக் பிரிட்ஜ் (ரெண்டு தூணில் நிக்கிற உயரமான வகை) கைவசம் இருக்கு, போடலாமா?

ஆறுகம்பி:
அப்படியே போட்டா கம்பி ரொம்ப உயரத்தில் நிக்கும். உங்க ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேல 9 மி.மீ.தான் வருது, அந்த பிரிட்ஜ் அதைவிட நல்லா உயரம். பாக்கெட்டை ரெண்டு மூணு டிகிரி சாய்க்கணும், இல்லன்னா தட்டையான பிரிட்ஜுக்கு மாறுங்க. முதல் கிட்டாருக்குத் தட்டையானதே நல்லது.

வயரிங்: ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் திருகுற குமிழ்), டோனுக்கு 0.022 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பிரிட்ஜ் அடியில இருந்து வால்யூம் பாட் முதுகுக்கு ஒரு எர்த் வயர் போகணும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினா எர்த்தில் ஏதோ கோளாறு, முதல்ல அந்த சோல்டரைப் பாருங்க. பிரிட்ஜை இறுக்குறதுக்கு முன்னாடியே எர்த் வயர் போற துளையைப் போட்டிருங்க.