போலோ 70 கிலோவாட்டா, 85 கிலோவாட்டா?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போக வர சுமார் 140 கிலோமீட்டர். பழைய வண்டி இனித் தாங்காது, மாதக் கடைசிக்குள் வேறு வாங்கியாக வேண்டும்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு 2019 ஃபோக்ஸ்வாகன் போலோக்கள். இரண்டிலும் அதே 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ. ஒன்று 70 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல். மற்றது 85 கிலோவாட், 200 நியூட்டன் மீட்டர், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் வகை).

இரண்டையும் என்3 நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். 70ஐ ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கினால்தான் லாரியைத் தாண்ட முடிந்தது. 85 அதுவாகவே கியரை இறக்கி, சத்தமில்லாமல் ஏறிவிட்டது. மனசு அங்கேதான் போகிறது. ஆனால் ஹிகின்சன் ஹைவேயில் காலையில் அரை மணி நேரம் ஊர்வேன். இந்த டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாதது; ஊர்ந்தால் சூடேறும். மேனுவல் என்றால் என் இடது முழங்கால்தான் சூடேறும்!

சர்வீஸ் புத்தகம் பார்த்தாயிற்று, மெக்கானிக்கிடமும் காட்டியாயிற்று. இரண்டிலும் குறையில்லை. இன்சூரன்ஸிலும் பெரிய வித்தியாசமில்லை.

85 டிஎஸ்ஜியை இப்படி நெரிசலில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: கிளட்ச் தாங்கியதா?