புதுப்பிப்பு: சிபிலில் முன்னாள் கணவரின் வீட்டுக்கடன்

விவாகரத்து ஆகியும் முன்னாள் கணவருடைய வீட்டுக்கடன் தன் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் நிற்கிறதே என்ற குன்னூர் தங்கைக்கு முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

கோர்ட் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு நகலை மட்டும் அனுப்பினால் ‘ஜாயின்ட்’ (கூட்டுக் கடன்) என்ற பதிவு அப்படியேதான் இருக்கும். அவர் கடனைத் தன் ஒற்றைப் பெயருக்கு மாற்ற வேண்டும். அல்லது வங்கி உங்களை விடுவித்து எழுத்தில் தர வேண்டும். அவர் வருமானம் மட்டும் போதாதென்றால் வங்கி சம்மதிக்காது. பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்மா.

விடுவிப்புக் கடிதம் வந்தும் பதிவு மாறவில்லையா? சிபில் தளத்தில் அந்தக் கணக்கின் ‘ஓனர்ஷிப்’ (கடன் யார் பெயரில் என்ற பதிவு) மீது டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள், கட்டணமில்லை. 30 நாளில் தீராவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. சிபில் போன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் அறிக்கைகளையும் பாருங்கள். கூட்டாக இருந்த காலத்துத் தவணைத் தாமதங்கள் உண்மையானவை என்றால், அவை உடனே அழியாது.