மூணு மெஷின் மாத்தியாச்சு, ராடு இன்னும் ஒட்டுது

ஈரோடு_புதுக்கை:
அண்ணா, ஆறு மாசமா மாடியில வெல்டிங் பழகுறேன். 25க்கு 25 ஸ்கொயர் ட்யூப், 2.5 எம்எம் 6013 ராடு (சாதா இரும்புக்குப் போடுற வெல்டிங் குச்சி), 80 ஆம்பியர். பொறி வந்த உடனே ராடு ஒட்டிக்குது, ஆட்டி ஆட்டிப் பிடுங்கணும். சின்ன இன்வெர்ட்டர் மெஷின்தான் சரியில்லைன்னு 200 ஆம்பியர் ஒண்ணு வாங்கினேன். அதுலயும் அதே கதை. போன வாரம் காயலான் கடையில பழைய ஆயில் செட் (எண்ணெய்க்குள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கிற வெல்டிங் மெஷின்) ஒண்ணு எடைக்கு எடுத்தேன் (பார்க்க அழகா இருந்துச்சு, விட மனசில்ல). அது பத்தவே மாட்டேங்குது, உம்முனு சத்தம் மட்டும். நாலாவது மெஷின் வந்தா நான் வெளியில படுக்கணும்னு வீட்டுல சொல்லிட்டாங்க.

பட்டறைக்காரன்:
மாடிக்கு கரண்ட் எப்படிப் போகுது தம்பி? ராடு எங்க வெச்சிருக்க?

ஈரோடு_புதுக்கை:
1 ஸ்கொயர் எம்எம் எக்ஸ்டென்ஷன், 30 மீட்டர் சுருள். ராடு மாடிப்படிக்கு அடியில, பிரிச்சு ரெண்டு மாசமாச்சு.

பட்டறைக்காரன்:
அப்ப மெஷின் மேல பழி போடாதே. போக 30, வர 30, ஆக 60 மீட்டர் செம்பு. ஒரு ஓம் சொச்சம் வரும். 80 ஆம்பியர்ல ஓட்டினா மெஷின் லைன்ல இருந்து 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஒயர்லயே 15, 16 வோல்ட் போயிடும். சாயங்காலம் லைனே 205 வோல்ட்ல நின்னா மெஷினுக்கு 190தான், பொறி நிக்காம ராடு ஒட்டத்தான் செய்யும். 4 ஸ்கொயர் ஒயரா போடு, நீளத்தைக் குறை, சுருளை முழுசா விரி. சுத்தி வெச்சே ஓட்டினா சூடேறி உருகும். எர்த் கிளாம்ப் (மெஷின்ல இருந்து ட்யூபுக்கு வர்ற கவ்வி) பிடிக்கிற இடத்துல பெயின்ட்டைத் தேய்ச்சு எடு. ராடு ஈரம் குடிச்சிருக்கும், 100 டிகிரியில ஒரு மணி நேரம் காய வை.

பழைய_ஹோல்டர்:
ஆயில் செட் கதை வேறப்பா. மெஷின் மேல விவரம் அடிச்ச தகட்டுல 415 வோல்ட்னு இருக்கான்னு பாரு. அந்தக் காலத்துப் பட்டறை செட்டு நிறைய ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல ஓடுறதுதான். அதை 230ல மாட்டினா ராடு முனைக்கு 80 வோல்ட் வர வேண்டிய இடத்துல 44தான் வரும். எங்கிருந்து பத்தும்? வீட்டுல சிங்கிள் ஃபேஸ்னா ஓட்டுற ஆசையை விடு. ஏசி 80 வோல்ட்ல, வேர்த்த கையோட ராடு மாத்தினா ஆளையே தூக்கிடும். ஆனா எடைக்குத் திருப்பிப் போட்டுடாதே! உள்ள சுத்தியிருக்கிறது செம்பா அலுமினியமான்னு பார்த்துச் சொல்லு.

ஈரோடு_புதுக்கை:
தகட்டுல 415தான் ஐயா. செம்புதான், ஒரு துளி துரு இல்ல. 4 ஸ்கொயர் 10 மீட்டர் போட்டேன், சின்ன மெஷினே 75 ஆம்பியர்ல சரசரன்னு ஓடுது. இப்ப ட்யூப்ல ஓட்டை விழுது.

பட்டறைக்காரன்:
கரண்ட் ஒழுங்கா வந்து சேருதுன்னு அர்த்தம். 60க்கு இறக்கு, நீளமா இழுக்காம புள்ளி புள்ளியா வை. அந்த 200 ஆம்பியர் மெஷினைத் தள்றதா இருந்தா விலை சொல்லு.