புதுப்பிப்பு: தென்னையிலிருந்து விழுந்தவர் நடப்பாரா என்ற இழைக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுவோரும் வாழும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மரமேறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக எழுதிய இழையில், மறுபடி நடப்பாரா என்று கணிக்கத் தசைபலத்தை மட்டும் சொல்லியிருந்தேன். அது போதாது, தொடுவுணர்வும் சேர வேண்டும்.

2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. அடிபட்ட 15 நாளுக்குள் பரிசோதித்து, ஓராண்டில் வீட்டுக்குள் தனியாக நடக்க முடியுமா என்று கணிப்பது. முழங்காலை நீட்டும் பலம், பாதத்தைக் கீழே அழுத்தும் பலம் இரண்டுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். அதை 2ஆல் பெருக்குங்கள். முழங்காலின் உள்பக்கம், குதிகாலின் வெளிப்பக்கம் தொடுவுணர்வுக்கு 0 முதல் 2 வரை, 5ஆல் பெருக்குங்கள். இரு காலில் எது நன்றாக இருக்கிறதோ அதையே எடுக்க வேண்டும். வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் 10 கழியும். மொத்தம் மைனஸ் 10 முதல் 40 வரை.

நாற்பது வயதுக்காரருக்குப் பலம் 2, 1. தொடுவுணர்வு இரண்டிலும் 1 என்றால் 4+2+5+5, அதாவது 16. இந்த நடுப்பகுதியில்தான் கணிப்பு தடுமாறும். இரு ஓரங்களில் நம்பலாம்.

பஞ்சுநுனியால் முதலில் கன்னத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லி, "கன்னத்துல தெரிஞ்ச மாதிரியே இருக்கா?" என்று அவர் பேசும் தமிழிலேயே கேளுங்கள். அதே மாதிரி என்றால் 2, மாறுபட்டால் 1. மலையாளத்தில் கேட்டு அரைகுறையாகப் புரிந்து தலையாட்டினால் 5 புள்ளி தவறிப்போகும்.

போர்வை பட்டதும் கால் தானாக வெட்டி இழுப்பது பலமல்ல, அனிச்சைச் செயல். சொன்னதும் அசைத்தால் மட்டுமே மதிப்பெண்.