விசாகா கமிட்டி முன்னால் உட்கார்ந்த அனுபவம் உண்டா? இங்கே சொல்லுங்கள்

பதிவைத் தொடங்கியவர், மதுரை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பெண்கள் அமைப்பில் வேலை செய்கிறேன். சில நிறுவனங்களின் உள்ளகப் புகார் குழுவில், அதாவது பலரும் விசாகா கமிட்டி என்று சொல்லும் குழுவில், வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேர் வேலை செய்தாலே குழு வேண்டும், கிளை இருந்தால் கிளைக்கும் தனியாக வேண்டும், மூத்த பதவியில் உள்ள ஒரு பெண் தலைவராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது பலருக்கும் தெரிகிறது. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் போய் வந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை. அதைப் பேசுவோம்.

ஒரு வேண்டுகோள். நிறுவனத்தின் பெயர், ஆள் பெயர், யாரென்று ஊகிக்க வைக்கும் எந்தத் தகவலும் வேண்டாம். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. நீதி கிடைத்த விவரத்தை அடையாளம் தெரியாதபடி பகிரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த எல்லைக்குள் நிற்போம்.

முதலில் நானே ஒன்று சொல்கிறேன். ஒரு நூற்பாலையில் முதல் விசாரணை. நான் போய்ச் சேர்ந்தபோது அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. ஒரு முனையில் புகார் கொடுத்த பெண். மறு முனையில் அவர் யார்மேல் புகார் கொடுத்தாரோ அந்த சூப்பர்வைசர். நடுவில் சாட்சி சொல்ல வந்த இரண்டு பெண்கள், மடியில் டிபன் பாக்ஸோடு. காத்திருக்க வேறு இடம் இல்லை என்றார்கள். முதல் சாட்சி உள்ளே வந்தார். எதைக் கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார். அன்றைய விசாரணையை அத்தோடு நிறுத்தச் சொன்னேன். அடுத்த முறை டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறையைத் திறக்க வைத்து, ஷிப்டு நேரத்தை மாற்றி, ஒவ்வொருவரையும் தனியாக வரவழைத்தோம். தெரியாது என்ற அதே பெண் அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னார். எத்தனையோ புகார்கள் இந்த மாதிரி பெஞ்சிலேயே முடிந்துபோகின்றன. குழுவில் விதி தெரிந்த ஒருவர், அதைச் சொல்லத் தயங்காத ஒருவர் இருந்தால் போதும், எல்லாமே வேறு மாதிரி நடக்கும். நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

சென்னை, ஐடி வேலை

அக்கா, நான் ஓஎம்ஆரில் வேலை செய்கிறேன். என் டீம் லீட் பற்றிப் புகார் கொடுத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அலுவலக சாட்டில் மெசேஜ் வரும். முதலில் வேலை விஷயம், அப்புறம் நான் போட்டிருந்த உடை, அப்புறம் "டின்னருக்கு வந்தா அப்ரைசலைப் பத்திப் பேசலாம்". எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

ஹெச்ஆரில் முதலில் சொன்னது, "ஃபார்மலா எழுத வேண்டாம், நான் கூப்பிட்டுப் பேசுறேன்." நல்ல மனதோடுதான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். பேசினார்கள். விளைவு, மறுநாளே டீமில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல்தான் எழுத்தில் கொடுத்தேன்.

அந்த நேரம் அப்ரைசல் மாதம். என் ரேட்டிங் போட வேண்டியவர் அவர்தான். அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை. குழுவில் வெளியிலிருந்து வந்த வக்கீல் அம்மாதான், விசாரணை முடியும் வரை உன் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்று நீ எழுதிக் கேட்கலாம், வேறு ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கச் சொல்ல விதியில் இடம் இருக்கிறது என்றார். இடமாற்றம் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், அது நம் கணக்கிலுள்ள லீவில் கழியாது என்பதும் அப்போதுதான் தெரியும். நான் விடுப்பு எடுக்கவில்லை. ரேட்டிங் மட்டும் வேறு மேனேஜர் போட்டார்.

விசாரணையில் என்னை உலுக்கியது ஒரே ஒரு கேள்வி. குழுவில் இருந்த ஒருவர் பிரிண்ட் எடுத்த சாட்டைப் புரட்டிக்கொண்டே, "இங்க சிரிக்கிற ஸ்மைலி போட்டிருக்கீங்களே, அப்ப உங்களுக்கு இஷ்டம்தானே?" என்றார். எனக்கு வாய் எழவில்லை. அந்த வக்கீல் அம்மா சட்டென்று, "சம்பளத்தை முடிவு பண்றவர்கிட்ட ராத்திரி பதினொரு மணிக்கு வேற என்ன போட முடியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

புகார் உண்மை என்று அறிக்கை வந்தது. அவருக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம், வேறு பிராஜெக்ட். எனக்கு அறிக்கையின் நகல் கிடைத்தது. கேன்டீனில் என் மேஜைக்குச் சிலர் இன்னும் வருவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதிவைத் தொடங்கியவர்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றிம்மா. அந்த ஸ்மைலி கேள்வியை மற்றவர்கள் கேட்க நானும் காதால் கேட்டிருக்கிறேன், வேறு வேறு வடிவத்தில். "அன்னிக்கே ஏன் சொல்லல?", "அதுக்கு அப்புறமும் அவரோட டீ குடிக்கப் போனீங்களே?" என்றெல்லாம் வரும். "அவர் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை" என்ற வாதமும் அடிக்கடி வரும். செய்தவரின் நோக்கத்தை விட, அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழுவில் இருப்பவர்கள் அதை ஒருமுறை படித்தால் நல்லது.

அந்த "நான் பேசிக்கிறேன்" பற்றியும் சொல்ல வேண்டும். சமரசம் என்பது சட்டத்தில் உண்டு. ஆனால் அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும். குழுவோ ஹெச்ஆரோ முன்மொழியக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கவே கூடாது.

திருப்பூர், அம்மாவுக்காக மகள் எழுதுவது

அம்மா ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் வேலை பார்த்தார். அங்கே மொத்தமே ஏழெட்டுப் பேர். தொந்தரவு கொடுத்தவர் ஓனரேதான். குழுவெல்லாம் எங்கே இருக்கும்? வாங்கிய அட்வான்ஸ் வேறு பாக்கி இருந்தது. அம்மா மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம்கூடச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் இருக்கும் யூனியன் அக்காவிடம்தான் சொன்னார்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்டத்தில் உள்ளூர்க் குழு என்று ஒன்று இருக்கிறது, அங்கே கொடுக்கலாம் என்று அந்த அக்காதான் சொன்னார். கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ஒரு அறையில் கேட்டால் இன்னொரு அறையைக் காட்டினார்கள். அங்கே கேட்டால், மனுவைத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள் என்றார்கள். இந்த விஷயத்தை அத்தனை பேருக்கு நடுவில் வரிசையில் நின்று எப்படிக் கொடுப்பது? கடைசியில் சமூக நல அலுவலகத்தில்தான் ஒரு மேடம் எங்களை உட்கார வைத்து விசாரித்தார்.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எழுதிக் கொண்டு வாருங்கள் என்று அந்த மேடம் திருப்பி அனுப்பவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அவரே எழுதினார். முடிந்ததும் முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் அம்மா நிறுத்தினார். "நான் விலகிப் போனேன்னு எழுதியிருக்கீங்க. நான் அவனைத் தள்ளி விட்டேன். அப்படியே எழுதுங்க." மேடம் அந்த வரியை அடித்துவிட்டு, திருத்தி எழுதி, பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். எங்கள் அம்மா அப்படிக் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

நடுவில் ஓனர் தரப்பிலிருந்து சொந்தக்காரர்களை அனுப்பினார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டாம், இத்தோடு விடுங்கள் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குழு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் இழுத்தடித்தார். கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் வசூலிக்கலாம் என்று சட்டமே சொல்கிறதாம். அந்தக் கடிதம் போன பிறகுதான் பணம் வந்தது. அம்மா இப்போது வேறு கம்பெனியில் செக்கிங் போகிறார்.

பதிவைத் தொடங்கியவர்

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லும்மா. எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை, 9ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்த அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

ஆனால் அறை அறையாக அலைய விட்டது எனக்கு ஆத்திரமாக வருகிறது. உள்ளூர்க் குழு நாட்டில் பல மாவட்டங்களில் பெயரளவுக்குத்தான் இருந்தது. இந்தச் சட்டத்துக்கான மாவட்ட அலுவலரை நியமியுங்கள், உள்ளூர்க் குழுவை அமையுங்கள், ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசின் புகார் இணையதளத்தில் விவரங்களை ஏற்றுங்கள் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேதி குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து! வீட்டு வேலை, கட்டட வேலை, சின்ன யூனிட், கடை என்று நம் பெண்களில் பெரும்பாலானோர் வேலை செய்யும் இடங்களுக்கு அந்த ஒரு குழுதானே கதி?

இந்த நாட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்ததே அப்படி ஒரு பெண்தான். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசுத் திட்டமொன்றின் களப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் அவரைக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விசாகா உள்ளிட்ட அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய்த்தான் 1997 ஆகஸ்டில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா வழிகாட்டு நெறிகள் வந்தன. வேலை செய்யப் போன இடத்தில் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க யாரும் இல்லை. நாம் உட்காரும் ஒவ்வொரு குழுவும் அவர் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

திருச்சி, கல்லூரி ஆசிரியர்

நான் ஆண். எங்கள் கல்லூரிக் குழுவில் உறுப்பினர். எனக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருந்தபோது நிர்வாகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "சார், அட்மிஷன் நேரம், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க." எங்கள் தலைவி மேடத்திடம் சொன்னேன். அவர் அடுத்த கூட்டத்தின் முதல் குறிப்பாகவே அதை எழுதினார்: இன்ன தேதியில் உறுப்பினர் ஒருவருக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தது என்று. அதற்குப் பிறகு யாருக்கும் போன் வரவில்லை.

குழுவில் இருக்கும் ஆண்களுக்குச் சொல்கிறேன். எதிர்த்தரப்பு குறுக்குக் கேள்வி கேட்க விரும்பினால், எழுதி வாங்கி நாம் கேட்கலாம். அந்தப் பெண்ணை அவருக்கு நேரே உட்கார வைக்க வேண்டிய அவசியமில்லை. இரு தரப்புக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. தலைவர் உட்பட மூன்று பேராவது இல்லாமல் விசாரணை நடத்தக் கூடாது. இந்த மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை வராது.

கோவை, செவிலியர்

என் புகார் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நைட் டூட்டியில் நடந்தது. கூட இருந்த சிஸ்டர் சாட்சி சொல்கிறேன் என்றவர், அன்றைக்கு வரவில்லை. அவர் மேல் கோபம் இல்லை, அவருக்கும் வீட்டில் ஒரே சம்பளம்.

தீர்ப்பு வந்த அன்று டூட்டி டாக்டர் ஒருவர், "பொய்ப் புகார் கொடுத்தா உனக்கே தண்டனை தெரியுமா?" என்றார். மாதக்கணக்கில் பயந்துகொண்டே வேலை பார்த்தேன். அதற்கு மேல் எழுத இப்போது முடியவில்லை.

பதிவைத் தொடங்கியவர்

தங்கச்சி, எழுதிய வரைக்கும் போதும். ஒன்றே ஒன்று. அந்த டாக்டர் சொன்னது தவறு. புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று 14ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தது என்று தனியாக விசாரித்து நிரூபித்தால்தான் நடவடிக்கை. உங்கள் மேல் அப்படி எதுவும் இல்லை. குழுவின் முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. நாள் இன்னும் இருக்கிறதா என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், பார்க்கலாம்.

புதிய உறுப்பினர்

அக்கா, எனக்கு நடந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கம்பெனியில் குழு இருக்கிறதா என்றே தெரியவில்லை. நோட்டீஸ் போர்டில் எதுவும் இல்லை. ஹெச்ஆர், எனக்குத் தொந்தரவு கொடுத்தவருடைய நண்பர். யாரிடம் கொடுப்பது?

பதிவைத் தொடங்கியவர்

இன்றைக்கே எழுதும்மா. நாளைக்கு வேண்டாம். புகார் கொடுப்பதற்கான மூன்று மாதக் கெடு தாண்டினாலும், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசியாக நடந்தது எது, என்றைக்கு, எங்கே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவு வரும் வரிசையில் எழுது. மொழி நடை பற்றிக் கவலைப்படாதே. "உள்ளகப் புகார் குழுத் தலைவர் அவர்களுக்கு" என்று போட்டு நிறுவனத் தலைமைக்கு மின்னஞ்சல் அனுப்பு. ஹெச்ஆருக்கு மட்டும் அனுப்பாதே. நகல் உன் சொந்த முகவரிக்கு. பதிவுத் தபாலிலும் ஒன்று போட்டு, ரசீதைப் பத்திரமாக வை. குழுவே இல்லை என்று பதில் வந்தால், அதற்கே முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு நேராக உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். எந்த மாவட்டம் என்று சொல். போலீசில் புகார் கொடுக்கவும் உனக்கு உரிமை உண்டு, குழுவில் கொடுத்தது அதற்குத் தடையில்லை. இரவு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடு. எழுதி முடித்ததும் அனுப்பும் முன் எனக்குக் காட்டு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.