ஏர் ஷிஃப்டர்: இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது, அவசரம்

தம்கட்டு_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். பைக்கில் ஏர் ஷிஃப்டர் (பட்டனை அழுத்தினால் காற்றழுத்தத்தில் கியர் மாற்றும் செட்) மாட்டி முடித்தாயிற்று. பட்டனை அழுத்தினால் சிலிண்டர் டப்பென்று அடிக்கிறது, லீவரும் நகர்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து நியூட்ரலுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப அழுத்தினாலும் நியூட்ரல் விளக்கு அணையவில்லை. பிரஷரைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் டிராக் (நேர்கோட்டுப் பந்தயம்) ஓட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_செட்:
என்ன வண்டி? ரெடிமேட் கிட்டா, நீங்களே சேர்த்ததா? பிரஷர் எவ்வளவு? சிலிண்டர் தள்ளுகிறதா இழுக்கிறதா? கில் பாக்ஸ் (கியர் மாறும் கணத்தில் இன்ஜின் பலத்தைத் துண்டிக்கும் பெட்டி) இருக்கிறதா? டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எப்படி ப்ரோ.

மதுரை_டார்க்:
ஸ்ட்ரோக் போதவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு டிரம் (கியர்பாக்ஸுக்குள் கியரைத் தேர்வு செய்யும் உருளை) முழு அடி திரும்ப வேண்டும், நியூட்ரல் அதற்குப் பாதி வழியில் இருக்கிறது. லீவர் கடைசி வரை போவதற்குள் சிலிண்டர் ராட் முட்டி நின்றால் நியூட்ரலில்தான் உட்காரும். லிங்கேஜை (சிலிண்டரையும் லீவரையும் இணைப்பதை) கழற்றி லீவரைக் கையால் முழுதாகத் தூக்குங்கள். எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, ராட் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓடுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ராடும் ஷிஃப்ட் ஆர்மும் நடு ஓட்டத்தில் கிட்டத்தட்ட 90 டிகிரியில் நிற்க வேண்டும். கோணம் சாய்ந்தால் பலம் வீண்.

பழைய_பிஸ்டன்:
இந்தக் கேள்வி இங்கே புதிதல்ல, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். பலம் என்பது பரப்பு பெருக்கல் அழுத்தம், எட்டாம் வகுப்புப் பாடம். 8 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) 16 மிமீ போர், அதாவது உள்விட்டம், உள்ள சிலிண்டர் சுமார் 16 கிலோதான் தள்ளும். 20 மிமீ என்றால் 25 கிலோ சொச்சம். 25 மிமீ போட்டால் 40 கிலோ. இழுக்கிற பக்கம் ராட் தடிமன் கழியும், இன்னும் குறையும். தம்பி எங்கேயோ மலிவாக ஒரு சின்ன சிலிண்டரை வாங்கி மாட்டியிருப்பார். 25க்கு மாற்றுங்கள், அதுவரை 12 பார் வையுங்கள். எம்பிஎஸ், பிங்கெல் மாதிரி இதற்கென்றே செய்பவர்களின் செட்டை வாங்காமல் விளையாடினால் இப்படித்தான்.

ஸ்பேனர்_செட்:
பிங்கெல் என்றால் எலக்ட்ரிக் ஷிஃப்டரும்தான் அண்ணே. அதில் காற்றே கிடையாது, சோலினாய்டு (மின்காந்தம்) நேரடியாக லீவரை அடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் இழுக்கும். வண்டியே என்னவென்று தெரியாமல் எதை வாங்கச் சொல்வது?

தம்கட்டு_தம்பி:
கிட் இல்லை, நானே சேர்த்தது. கோவையில் வாங்கிய 20 மிமீ நியூமேடிக் சிலிண்டர், ஸ்பிரிங் ரிடர்ன், ஸ்ட்ரோக் 40. 3/2 (மூன்று துளை, இரண்டு நிலை) சோலினாய்டு வால்வு. அரை லிட்டர் டேங்க், 8 பார், பெட்ரோல் பங்க் காற்று போதாததால் கம்ப்ரசரில் நிரப்புகிறேன். தள்ளும் வகை. லீவர் ஓட்டத்தை அளந்தேன், ஸ்ட்ரோக் தாராளமாக இருக்கிறது. கோணமும் சரி. கில் பாக்ஸ் இருக்கிறது, 60 மில்லிசெகண்ட். ஹாரன் பட்டனில் இணைத்திருக்கிறேன்.

கோவை_காத்து:
கோவையில் வாங்கியது என்றதும் பயமாக இருக்கிறது. மில்லுக்கும் மெஷினுக்கும் போகிற வால்வில் காயில் பெரும்பாலும் 24 வோல்ட் டிசி, இல்லையென்றால் 230 ஏசி. பைக்கில் 12தான். காயில் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அப்புறம் வால்வின் உச்ச அழுத்தமும் அதிலேயே இருக்கும். அநேக வால்வு 8 பார், சிலது 10. மேலே பிஸ்டன் அண்ணன் சொன்ன 12 பாரை இதில் வைத்தால் சீல் பிதுங்கும்.

தம்கட்டு_தம்பி:
12 வோல்ட் காயில்தான் அண்ணே, கேட்டு வாங்கினேன். வால்வு 10 பார்.

ரிடர்ன்_ஸ்பிரிங்:
ஒருமுறை அடிக்கிறது, மறுமுறை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். என் சந்தேகம், சிலிண்டர் திரும்பி வருவதில்லை. ஷிஃப்ட் மெக்கானிசம் ராட்சட் மாதிரி. லீவர் முழுதாக நடுவுக்கு வந்தால்தான் அடுத்த பல்லைப் பிடிக்கும். 3/2 வால்வில் காற்று வெளியேறும் துளையில் பித்தளை சைலன்சர் திருகியிருந்தால் கழற்றி வீசுங்கள். சிலிண்டர் வாயில் குயிக் எக்ஸாஸ்ட் வால்வு (காற்றை அங்கேயே சட்டென்று வெளியேற்றுவது) ஒன்று போட்டால் இன்னும் நல்லது. வால்வும் சிலிண்டருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் வைத்து நீளமாக டியூப் இழுத்தால் காற்று வந்து சேர்வதற்குள் கில் நேரம் முடிந்துவிடும்.

தம்கட்டு_தம்பி:
சைலன்சரைக் கழற்றிவிட்டேன். சிலிண்டர் திரும்புகிறது, கண்ணால் பார்த்தேன். ஆனாலும் நியூட்ரல்தான்.

பழைய_பிஸ்டன்:
நான் முதலிலேயே சொன்னேன், பலம் பத்தவில்லை. கம்ப்ரசர் காற்றில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) பாட்டிலும் ரெகுலேட்டரும் போடுங்கள், கடைசி வரை ஒரே அழுத்தம். வெளிநாட்டில் எவ்வளவு பேர் அப்படி ஓட்டுகிறார்கள் தெரியுமா?

கோவை_காத்து:
கணக்குப் போட்டுவிட்டுப் பேசுவோம் அண்ணே. 20 மிமீ போர், 40 மிமீ ஸ்ட்ரோக் என்றால் ஒரு அடிக்கு 12.5 சிசி சொச்சம். அரை லிட்டர் டேங்கில் இது இரண்டரை சதவீதம். ஒரு ஓட்டத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஷிஃப்ட். 8 பாரில் ஆரம்பித்தால் முடியும்போது சுமார் 7 பார் இருக்கும். இதற்கு சிஓ2 எதற்கு?

நீங்கள் சொல்லும் 25 மிமீக்குப் போனால்தான் காற்றுச் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும்.

ஸ்பேனர்_செட்:
சிஓ2 நம் வெயிலுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டிய சமாச்சாரம். 20 டிகிரியில் பாட்டிலுக்குள் சுமார் 57 பார்தான், பாதி திரவமாக இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்பதே கிடையாது. 74 பாருக்கு மேல் போய், எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்களோ அதைப் பொறுத்து விறுவிறுவென்று ஏறும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பகலில் பிட்டில் நிற்கிற வண்டியில் 31 டிகிரி என்பது காலைப் பத்து மணிக்கே வந்துவிடும். அளவுக்கு மீறி நிரப்பிய பாட்டில் என்றால் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழியும் பாதுகாப்புத் தகடு) போய்விடும்.

வெல்டிங்_ராஜா:
எதற்கு இவ்வளவு சண்டை? பட்டறையில் ஆக்சிஜன் சும்மா கிடக்கிறது, சின்ன பாட்டிலில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே.

கோவை_காத்து:
ராஜா, தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். சிலிண்டர், வால்வு எல்லாவற்றிலும் எண்ணெய், கிரீஸ் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். அதுவும் பெட்ரோல் டேங்குக்குக் கீழே. நைட்ரஜன் என்றாலும் பரவாயில்லை, ஆக்சிஜன் கூடவே கூடாது.

பழைய_பிஸ்டன்:
சிஓ2 பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நிழலில் வைத்து ஈரத்துணி போட்டால் முடிந்தது கதை.

ஓரம்போ:
எனக்கு ஒரு சந்தேகம். ஹாரன் பட்டனை ஷிஃப்டருக்குக் கொடுத்துவிட்டால் பூந்தமல்லி ரோட்டில் எப்படி ஓட்டுவது? ஹாரன் இல்லாமல் தெருமுனை வரை போக முடியாதே.

மதுரை_டார்க்:
ஒரு டாகிள் சுவிட்ச் போதும். ஒரு பக்கம் ஹாரன், ஒரு பக்கம் ஷிஃப்டர். ரோட்டில் போகும்போது மறக்காமல் ஹாரன் பக்கம் வையுங்கள். மாடு குறுக்கே வரும்போது அழுத்தி கியர் ஏறினால் கஷ்டம்.

ஓரம்போ:
குயிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் காலாலேயே கியர் ஏற்ற உதவுவது) போட்டால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லையே? செலவும் குறைவு.

ஸ்பேனர்_செட்:
குயிக் ஷிஃப்டருக்குக் கால் வேலை செய்ய வேண்டும். டிராகில் லான்ச் ஆகும்போது கால் இன்னும் பெக்குக்கு (கால் வைக்கும் கம்பிக்கு) வந்திருக்காது, அதற்குள் முதல் கியர் முடிந்துவிடும். கட்டைவிரல் எப்போதும் ஹேண்டிலில்தான். அதற்காகத்தான் ஏர். சர்க்யூட்டில் சுற்றுகிறவர்களுக்குக் குயிக் ஷிஃப்டர் போதும். எதைப் போட்டாலும் நீங்கள் ஓட்டும் கிளாஸில் அனுமதி இருக்கிறதா என்று விதியை முதலில் படியுங்கள்.

மதுரை_டார்க்:
சரி, இழை எங்கேயோ போய்விட்டது. தம்பி, ஏரை விடுங்கள். லிங்கேஜைக் கழற்றிவிட்டு வெறும் காலால் தூக்கினால் இரண்டாவது விழுகிறதா?

தம்கட்டு_தம்பி:
ரோட்டில் நன்றாக விழுமே அண்ணே.

மதுரை_டார்க்:
ரோட்டைக் கேட்கவில்லை. இப்போது, வண்டி இருக்கிற இடத்தில்.

தம்கட்டு_தம்பி:
இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

காலாலும் விழவில்லை!! நியூட்ரலோடு சரி. கியர்பாக்ஸ் போய்விட்டதா? பேடாக் ஸ்டாண்டில் (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது) நிற்கிறது, இன்ஜின் ஆஃப்.

பச்சை_நிஞ்சா:
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். இத்தனை பதில் வந்தும் இன்னும் வண்டி பெயர் வரவில்லை. கவாசாகியா?

தம்கட்டு_தம்பி:
ஆமாம், இசட்எக்ஸ்-14ஆர். அது முக்கியமா என்ன?

பச்சை_நிஞ்சா:
அதுதான் முக்கியமே. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, ஷிஃப்டரும் நன்றாகத்தான் இருக்கிறது. கவாசாகியில் பாசிட்டிவ் நியூட்ரல் ஃபைண்டர் என்று ஒன்று உண்டு. அவுட்புட் ஷாஃப்டில் ஓடும் கியருக்குள் எஃகுக் குண்டுகள் இருக்கும். வண்டி ஓடும்போது சுழற்சி வேகத்தில் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். வண்டி நின்றால் குண்டு தன் எடையில் இறங்கி ஷாஃப்டின் பள்ளத்தில் உட்காரும், கியர் நியூட்ரலைத் தாண்டி நகராது. சிக்னலில் சுலபமாக நியூட்ரல் விழுவதற்காகச் செய்தது. ஓனர்ஸ் மேனுவலிலேயே எழுதியிருக்கிறது, நிற்கும்போது ஒன்றிலிருந்து நியூட்ரலைத் தாண்ட முடியாது என்று.

அதனால் வண்டி நிற்கும்போது என்ன பிரஷர் வைத்தாலும் இரண்டு விழாது. விழாமல் இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் 12 பார் வைத்து, 25 மிமீ போட்டு அடித்திருந்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்தான் வளைந்திருக்கும். அதை மாற்ற இன்ஜினைப் பிளக்க வேண்டும்.

ரிடர்ன்_ஸ்பிரிங்:
அடடா. எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒன்று: இன்ஜின் ஆஃபில் நிற்கும் வண்டியில் கியர்களைக் கோக்கும் டாக் பற்கள் முனையோடு முனை முட்டி நின்றாலும் கியர் ஏறாது. ஒரு கை பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும்.

பச்சை_நிஞ்சா:
இவருக்குக் கையால் அசைத்தாலும் போதாது, குண்டு வெளியே போகிற வேகம் வராது. ஸ்டாண்டில் இன்ஜினை ஓடவிட்டு முதல் கியரில் சக்கரம் சுழலச் சோதிக்கிறவர்கள் உண்டு. ஸ்டாண்டு வழுக்கினாலோ செயினில் விரல் போனாலோ கதை முடிந்தது, நான் சொல்ல மாட்டேன். 5 பாரில் ஆரம்பித்து ஆளில்லாத இடத்தில் மெதுவாக உருட்டி 1-2 மட்டும் பாருங்கள். பிறகு மேலே ஏற்றுங்கள். சுத்தமாக விழும் மிகக் குறைந்த அழுத்தம் எதுவோ, அதற்கு ஒரு பார் மேலே வைத்தால் போதும்.

கில் நேரத்தை 70இல் வைத்துத் தொடங்குங்கள். நழுவாமல் இருந்தால் ஐந்து ஐந்தாகக் குறைக்கலாம். நைட்ரஸ் (இன்ஜின் பலத்தைக் கூட்டும் வாயு) போட்டிருந்தால் கில் இக்னிஷன் காயிலில் இருக்கட்டும், இன்ஜெக்டரில் வேண்டாம். பெட்ரோலை வெட்டிவிட்டு நைட்ரஸ் மட்டும் உள்ளே போனால் பிஸ்டன் தாங்காது.

பழைய_பிஸ்டன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வண்டி பெயரைச் சொல்லியிருந்தால் முதல் பதிலிலேயே முடிந்திருக்கும்.

ஸ்பேனர்_செட்:
முதல் பதிலில் வண்டி பெயரைக் கேட்டது நான். நீங்கள் 12 பார் சொன்னீர்கள்.

பழைய_பிஸ்டன்:
8 பார் எதற்கும் பத்தாது என்று சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

தம்கட்டு_தம்பி:
ஞாயிறு ஓட்டியாயிற்று. 1-2 கத்தி மாதிரி விழுகிறது. கில் 60இல் வைத்தபோது 3-4 நழுவியது, 70க்கு மாற்றியதும் சரி. எல்லோருக்கும் நன்றி.

மதுரை_டார்க்:
டைமிங் என்ன வந்தது? கடைசியில் எத்தனை பாரில் வைத்தீர்கள்? லிங்கேஜ் படம் ஒன்று போடுங்கள் தம்பி, இன்னும் இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள்.

மதுரை_டார்க்:
தம்பி?

பழைய_பிஸ்டன்:
25 மிமீ போட்டிருந்தால் 60லேயே விழுந்திருக்கும்.