பதலோனாவில் அதிக ஓட்டு வாங்கியவர் ஏன் மேயர் ஆகவில்லை? (ஸ்பெயின் நகரமன்றத் தேர்தல்)

காரைக்கால் மாப்பிள்ளை எழுதியது:

வணக்கம். பார்சிலோனாவை ஒட்டிய பதலோனாவுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு காபிக் கடை. காலையில் அங்கே கூடும் பெரியவர்கள் மேயர் பற்றி ஆரம்பித்தால் ஓயமாட்டார்கள். "அத்தனை ஓட்டு வாங்கியவரை வெளியே உட்கார வைத்தார்கள்" என்பார் ஒருவர். "அதுதானே சட்டம்" என்பார் இன்னொருவர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மேயருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லையா? அதிக ஓட்டு வாங்கியவரை எப்படி வெளியே உட்கார வைக்க முடியும்?

இன்னொன்று, இதுதான் வீட்டில் நடக்கும் விவாதம். நான் கும்பகோணம், இந்திய பாஸ்போர்ட். மனைவி காரைக்கால். அவள் தாத்தா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர், அதனால் அவளுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட். இங்கே நடக்கும் தேர்தலில் எங்களில் யாருக்காவது ஓட்டு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைக்கார அக்கா எழுதியது:

தம்பி, நானும் பதலோனாதான். மளிகைக் கடை வைத்திருக்கிறேன், ஸ்பானியக் குடியுரிமையும் வாங்கியாயிற்று. ஊர்க்கதை முழுக்கக் கடையிலேயே வந்து விழும்.

உங்கள் வீட்டு விவாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கு ஓட்டு இல்லை, மனைவிக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் யாராக இருந்தாலும் இங்கே நகரமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். மேயராகக்கூட ஆகலாம். ஒரு ஸ்பானியர் பிரான்சில் போய் மேயராக முடியாது, அங்கே சட்டம் இடம் கொடுக்காது. ஆக உங்கள் மனைவிக்குத்தான் யோகம். அவர் செய்ய வேண்டியது இரண்டு. நகரமன்றத்தின் குடியிருப்போர் பதிவேட்டில், அதாவது பத்ரோனில், பெயர் இருக்க வேண்டும். அப்புறம் "நான் ஸ்பெயினில் ஓட்டுப் போட விரும்புகிறேன்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் இங்கே குடியிருக்கும் வரை செல்லும். ஆனால் பத்ரோனில் பெயர் இருந்தாலே போதும் என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தேர்தல் நெருங்கிய பிறகு போனால் வாக்காளர் பட்டியல் மூடியிருக்கும், இப்போதே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களில், ஸ்பெயினோடு பரஸ்பர ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஓட்டு. கொலம்பியா, எக்வடோர், பெரு, நார்வே, தென்கொரியா, பிரிட்டன் எல்லாம் பட்டியலில் உண்டு. இந்தியா கிடையாது, இலங்கையும் கிடையாது. அதனால் லண்டன் பாஸ்போர்ட்டோடு வரும் யாழ்ப்பாணத்துக்காரர் மூன்று வருடம் குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். நேராகக் கொழும்பிலிருந்து வந்தவர் இருபது வருடம் வரி கட்டினாலும் போட முடியாது. இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இப்போது மேயர் கதை. இங்கே நாம் ஓட்டுப் போடுவது ஆளுக்கு அல்ல, பட்டியலுக்கு. ஒவ்வொரு கட்சியும் வரிசையாகப் பெயர்கள் அச்சடித்த தன் சீட்டைக் கொடுக்கும். பிடித்த கட்சியின் சீட்டை எடுத்து உறையில் போட்டு, பெட்டியில் போட வேண்டியதுதான். வார்டு கிடையாது, முழு ஊரும் ஒரே தொகுதி. பெயரை அடிப்பது, மாற்றுவது எதுவும் கூடாது. கிறுக்கினால் செல்லாத ஓட்டு. ஊரின் மக்கள்தொகையை வைத்து உறுப்பினர் எண்ணிக்கை: நம் பதலோனாவுக்கு 27, பார்சிலோனாவுக்கு 41, மாட்ரிட்டுக்கு 57. செல்லுபடியான ஓட்டில் 5 சதவீதம் தொடாத கட்சி கணக்கிலேயே வராது. 2023-இல் மாட்ரிட்டில் பொதேமோஸ் என்ற இடதுசாரிக் கட்சி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனது, ஒரு இடம்கூட இல்லை. வெற்று உறை போட்டால் அது "வெள்ளை ஓட்டு", அதுவும் செல்லுபடியானதுதான். கோபத்தில் வெற்று உறை போடுகிறவர் அந்த 5 சதவீதக் கோட்டை ஒரு மயிரிழை மேலே தூக்கி, சின்னக் கட்சியின் காலை வாருகிறார்.

இடங்களைப் பிரிக்கும் முறைக்கு தோந்த் என்று பெயர். ஒரு ஊரில் 11 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ கட்சிக்கு 900, ஆ-வுக்கு 620, இ-க்கு 340 ஓட்டு. ஒவ்வொன்றையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போய், வரும் எண்களில் பெரியது பதினொன்றைப் பொறுக்க வேண்டும். அ-வுக்கு 900, 450, 300, 225, 180. ஆ-வுக்கு 620, 310, 206, 155. இ-க்கு 340, 170. ஆக 5, 4, 2. அ கட்சிதான் முதல். ஆனால் பெரும்பான்மைக்கு 6 வேண்டும், ஆ-வும் இ-யும் சேர்ந்தால் சரியாக 6. காபிக் கடைச் சண்டை மொத்தமும் இந்த 5-க்கும் 6-க்கும் நடுவில்தான்.

ஓட்டுப்பதிவு முடிந்து இருபதாவது நாள் புது மன்றம் கூடும். நடைமுறையில் உண்மையான மேயர் தேர்தல் அன்றைக்குத்தான். பட்டியல்களின் முதல் ஆட்கள் மட்டுமே போட்டியிட முடியும். பாதிக்கு மேல் யாருக்காவது உறுப்பினர் ஓட்டு விழுந்தால் அவர் மேயர். யாருக்கும் விழாவிட்டால் இரண்டாம் சுற்று, மறுதேர்தல் என்று எதுவும் கிடையாது. ஊரில் அதிக ஓட்டு வாங்கிய பட்டியலின் தலைவர் அந்த நிமிடமே மேயர்.

இதை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். 2015-இல் வலதுசாரியான பாப்புலர் கட்சியின் அல்பியோலுக்கு 10 இடம், அவர்தான் முதல். குவான்யெம் என்ற இடதுசாரி அணிக்கு வெறும் 5. ஆனால் மற்ற இடதுசாரிகள் சேர்ந்து அந்த 5 இடக்காரரான தொலோர்ஸ் சபதேரை 14 ஓட்டோடு மேயராக்கினார்கள். 2018-இல் சோஷலிஸ்டுகள், அதே பாப்புலர் கட்சியின் ஓட்டோடு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்கிவிட்டு தங்கள் ஆள் அலெக்ஸ் பாஸ்தோரை உட்கார வைத்தார்கள். 2019 தேர்தலிலும் அல்பியோல் 11 இடத்தோடு முதலில் வந்தார், மேயரானது பாஸ்தோர். அவர் 2020 ஏப்ரலில் பதவி விலகினார். அப்போது இடதுசாரிகளுக்குள் யார் மேயர் என்று ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததால் 27-இல் 11 மட்டும் கையில் வைத்திருந்த அல்பியோல் மேயர்! அடுத்த வருடம் நவம்பரில் எல்லாரும் சமாதானமாகி, இன்னொரு தீர்மானம் போட்டு அவரையும் இறக்கினார்கள். 2023-இல் ஊர் அவருக்கு 18 இடம் கொடுத்தது. அந்த முறை யாருடைய தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவருக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் அந்த 18-இல் பாதி, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்த்து விளையாடியதற்குக் கிடைத்த கூலி என்பது என் கருத்து.

---

சோரியா மருமகன் எழுதியது:

அக்கா சொன்னது நகரத்துக் கணக்கு. என் மனைவியின் சொந்த ஊர் சோரியா மாகாணத்தில் ஒரு மலைக் கிராமம், குளிர்காலத்தில் நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். அங்கே தோந்த்தும் இல்லை, பெயரை மாற்ற முடியாத மூடிய பட்டியலும் இல்லை. 250 பேர் வரை உள்ள ஊர்களில் ஆளைப் பார்த்தே ஓட்டு. நூறு பேருக்கு உட்பட்ட ஊரென்றால் மொத்தம் மூன்று உறுப்பினர்கள், ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடலாம். இரண்டு பேரும் வேறு வேறு கட்சியாக இருக்கலாம். மாமனார் ஒரு குறியைச் சோஷலிஸ்டுக்கும் இன்னொன்றைப் பாப்புலர் கட்சிக்காரருக்கும் போட்டுவிட்டு, "டிராக்டர் கடன் கொடுத்தவனையும் விட முடியாது, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தவனையும் விட முடியாது" என்பார்.

இதைவிடச் சின்ன ஊர்கள் சிலவற்றில் மன்றமே கிடையாது. மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றதை ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கூடி முடிவெடுப்பார்கள். லா ரியோஹாவில் வில்யர்ரோயா என்று ஓர் ஊர். வாக்காளர் ஏழெட்டுப் பேர்தான். 2023-இல் அரை நிமிடத்துக்குள் எல்லாரும் ஓட்டுப் போட்டு முடித்துச் செய்தியில் வந்தார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் பழைய சாதனையை முறியடிப்பதுதான் அவர்களுக்கு வேலை.

---

நேர்வழி எழுதியது:

என்ன விளக்கினாலும் இது கொல்லைப்புற வழிதான். 5 இடக்காரர் மேயர், 10 இடக்காரர் எதிர்க்கட்சி. பார்சிலோனாவிலும் இதே கதைதானே? 2019-இல் எர்னெஸ்ட் மரகால் முதல், மேயர் அதா கொலாவ். 2023-இல் ஷவியேர் திரியாஸ் 11 இடத்தோடு முதல், மேயர் 10 இடக்காரரான கொல்போனி. அதிக ஓட்டு வாங்கிய பட்டியலே ஆள வேண்டும் என்று பாப்புலர் கட்சி ரொம்ப நாளாகக் கேட்கிறது. அதில் என்ன தப்பு?

---

கடைக்கார அக்கா எழுதியது:

கேட்கிறார்கள், சரி. ஆனால் அந்தக் கொல்போனிக்கு விழுந்த ஓட்டில் 4 அதே பாப்புலர் கட்சியுடையது! கொலாவ் அணியின் 9-ம் சேர்ந்து 23. மாட்ரிட்டில் 2019-இல் அதிக ஓட்டு மனுவேலா கார்மேனாவுக்கு, 19 இடம். பாப்புலர் கட்சிக்கு 15. மேயரானது யார்? பாப்புலர் கட்சியின் அல்மெய்தா. அன்றைக்கு "முதலில் வந்தவரே ஆளட்டும்" என்று அவர்கள் ஒதுங்கி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. தனக்கு 10 கிடைத்த ஊரில் ஒரு கொள்கை, 15 கிடைத்த ஊரில் ஒரு கொள்கை. எல்லாக் கட்சிக்கும் இதே வியாதி.

27-இல் 10 வாங்கியவரை 17 பேர் வேண்டாம் என்கிறார்கள் என்றால் அதுவும் மக்கள் போட்ட ஓட்டுத்தானே? எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே, கூடிப் பேசத் தெரியாதவர்களுக்கு அது இரண்டாம் வாய்ப்புக் கொடுக்காமல் போவதுதான். அன்று பகலுக்குள் 14 பேர் கை சேரவில்லையா, முதலில் வந்தவர் கையில் மேயரின் கோல்.

ஓட்டு எண்ணுவதையும் ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். 2023-இல் குலுக்கலில் என் பெயர் விழுந்து சாவடி மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. இங்கே அதற்கு அரசு ஊழியர்கள் வருவதில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே ஒரு தலைவரையும் இரண்டு பேரையும் குலுக்கி எடுப்பார்கள், போகாவிட்டால் வழக்கு. காலை எட்டு மணிக்கு ஆஜர், ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஓட்டு, அப்புறம் எண்ணிக்கை. கையில் 70 யூரோவும் மறுநாள் வேலையில் ஐந்து மணி நேர விடுப்பும் கிடைக்கும். சொந்தக் கடைக்காரிக்கு விடுப்பை யார் தருவது! எங்கள் மேசைத் தலைவி கல்லூரிப் பெண். ஒவ்வொரு உறையாகப் பிரித்து, கட்சிப் பெயரை உரக்க வாசித்து, சுற்றி நிற்கும் கட்சி ஆட்களுக்குத் தூக்கிக் காட்டினாள். ஓர் உறையிலிருந்து சொரிசோ, அதாவது பன்றிக்கறித் தொத்திறைச்சி, துண்டு ஒன்று எண்ணெய் வடிய வந்து விழுந்தது. பேச்சுவழக்கில் சொரிசோ என்றால் திருடன், அரசியல்வாதிகளைத் திட்டும் பழைய பாணி அது. செல்லாதது என்று எழுதி அதையும் எடுத்து வைத்தோம், ஏனென்றால் செல்லாத சீட்டுகளையும் தகராறானவற்றையும்தான் பத்திரப்படுத்த வேண்டும். நல்ல ஓட்டுகளை எண்ணி முடித்து எல்லாரும் ஒப்புக்கொண்டதும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அது எனக்குத் தெரியாது.

---

காரைக்கால் மாப்பிள்ளை எழுதியது:

மிக்க நன்றி அக்கா. படிவத்தை நாளைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். மேயராகலாம் என்று நீங்கள் எழுதியதையும் படித்துவிட்டாள், வீட்டில் இனி என் பாடு திண்டாட்டம். ஒரு சிக்கல்: வைகாசியில் மச்சினன் கல்யாணம், மே முதல் வாரமே காரைக்கால் போகிறோம். அடுத்த தேர்தல் எப்போது? தபாலில் போட முடியுமா?

---

கடைக்கார அக்கா எழுதியது:

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தின் நான்காவது ஞாயிறு. அப்படிப் பார்த்தால் 2027 மே 23. தபால் ஓட்டு உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகுதான் சீட்டுகள் வீட்டுக்கு வரும். அது தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னாடிதான் ஆரம்பிக்கும். தபால்காரர் அடையாள அட்டையைப் பார்த்து உங்கள் மனைவி கையில் நேரில் கொடுப்பார். பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்ல முடியாது. மே முதல் வாரமே கிளம்பினால் சீட்டு வந்து சேருமா என்பது சந்தேகம்தான். விமானத்தைப் பத்துப் பன்னிரண்டு தேதிக்குத் தள்ளிப் போட முடிந்தால், சீட்டு வந்த அன்றைக்கே தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் மட்டும் முன்னாடி போங்கள், உங்களுக்குத்தான் இங்கே ஓட்டு இல்லையே.